கைப்பேசி இணைப்பைத் தேர்ந்தெடுத்தல்

தொலைவில் உள்ளாரோடு உடனுக்குடன் உரையாட வேண்டும் என்பது மனிதனின் நெடுநாள் விருப்பம். நம் நாட்டில் அவ்விருப்பத்தை நிறைவேற்றும் கைப்பேசி 1995ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31ஆம் நாள் வழக்கிற்கு வந்தது. மேற்கு வங்க முதலமைச்சர் சோதிபாசு, மத்திய அமைச்சர் சுக்ராமுடன் அன்று முதன்முதலாகப் பேசினார். அந்நாளில் அழைத்தவரேயன்றி அழைப்பை ஏற்றவரும் கட்டணம் செலுத்தினர். இன்றோ வயலில் நிற்கும் உழவர் கையிலும் கைப்பேசியைக் காண்கிறோம்.

இத்தொழிலை நடத்துவது எளிதன்று. அரசு ஏலம் விடும் அலைக்கற்றையை நிறுவனங்கள் பெரும்பொருள் கொடுத்துப் பெறவேண்டும். ஊர்தோறும் கோபுரங்கள் நிறுவவேண்டும். இவற்றிற்காகப் பல நிறுவனங்கள் கடன் சுமந்தன. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ மிகக் குறைந்த கட்டணத்துடன் களம் புகுந்தது. கட்டணங்கள் சரிந்தன, மக்கள் மகிழ்ந்தனர். ஆயின், கடன் சுமந்த நிறுவனங்கள் தள்ளாடின. 2018இல் வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. 2019இல் டாட்டாவின் கைப்பேசிப் பிரிவு ஏர்டெல்லுடன் சேர்ந்தது.

இணைய முயன்றும் இயலாது வீழ்ந்த நிறுவனமும் உண்டு. தமிழகத்தில் பலர் பயன்படுத்திய ஏர்செல், வேறொரு நிறுவனத்துடன் இணைய முயன்றது. அம்முயற்சி 2017இல் முறிந்தது. 2018 பிப்ரவரியில் அதன் சேவை பல ஊர்களில் நின்றது. கைப்பேசிகள் ஊமையாயின. வணிகரை வாடிக்கையாளர் அழைக்க இயலவில்லை. வங்கி அனுப்பும் மறைகுறி எண்ணும் வந்து சேரவில்லை. மக்கள் கடைகளின் முன் வரிசையில் நின்றனர்.

எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை 2011 சனவரி முதல் நாடெங்கும் நமக்கு உண்டு. 1900 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டு இடங்கள் கொண்ட குறியீடு ஒன்று வரும். அதனைப் புதிய நிறுவனத்திடம் காட்டவேண்டும். ஆனால், அலை வரவில்லையெனின் அச்செய்தியை எவ்வாறு அனுப்புவது? ஏர்செல் வாடிக்கையாளர் பலர் உற்ற இடர் இதுவே. ஆதலின், சேவை தளரத் தொடங்கும்போதே, அது முற்றும் நிற்குமுன், மாறிவிடுதல் அறிவுடைமை.

அவ்வாறாயின், எதனைத் தேர்வது? விளம்பரத்தை நம்பித் துணிதல் கூடாது. நம் வீட்டின் உள்ளறையிலும், பள்ளியிலும், நாள்தோறும் செல்லும் வழியிலும் எந்த நிறுவனத்தின் அலை நன்கு கிடைக்கிறது என்று அண்டை அயலாரைக் கேட்டறிதல் வேண்டும். அடுத்து, கட்டணத்தை நாட்கணக்கில் வகுத்துப் பார்த்தல் வேண்டும். 28 நாள் திட்டத்திற்கு ஆண்டில் 12 முறையன்று, 13 முறை பணம் செலுத்த நேரும். நிறுவனம் தள்ளாடுவதாகச் செய்தி வந்தால், ஓராண்டுக் கட்டணத்தை முன்னதாகவே செலுத்துதல் தகாது. ஒரு குடும்பத்தார் இரண்டு நிறுவனங்களின் இணைப்புகளை வைத்திருப்பின், ஒன்று நின்றாலும் மற்றொன்று உதவும்.

நிறுவனங்கள் குறையக் குறைய, தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் குறைகின்றது. உரிமையைப் பயன்படுத்தும் மக்கள் உள்ளவரை எந்நிறுவனமும் அவர்களை எளிதில் புறக்கணித்தல் இயலாது. மாணவர்களே! சிறு பொருளாயினும் ஆராய்ந்து தேரும் பழக்கத்தை இளமையிலேயே மேற்கொள்ளுங்கள்.