பட்டவர் சொல்லும் பாடம்

மனநோய் கண்டு தேறியவர் பிறர் மனநோய்க்குச் சிகிச்சை அளிக்கலாமா? அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் 1961-ல், 17 வயதில், மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர். பின்னாளில், தற்கொலை எண்ணத்தில் தவிப்போருக்கு உதவும் ‘டி.பி.டி.’ சிகிச்சை முறையை உருவாக்கியவரும் அவரே. தம் கதையை அவர் வெளிப்படையாகச் சொன்னது 2011-ல்தான்.

நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மத்திய மனநல ஆணையத்தில் மனநோயை அனுபவித்தோர் சார்பில் இருவருக்கு இடமளிக்கிறது. பட்டறிவும் ஒரு தகுதியே.

ரயில்வேயில் தண்டவாளத்தில் விரிசல் கண்டால் வண்டியை மெதுவாக விட்டு, சரிசெய்தபின் பழைய வேகம் தருவோம், பாதையைக் கைவிடுவதில்லை. மறைத்தால்தான் விபத்து.

திருச்சானூரில் நம் வீட்டுப் பிள்ளை சிகிச்சை பெற்றபின் உளவியல் படிக்க விரும்பினால், ‘ஊர் என்ன சொல்லும்’ என்று தடுக்காதீர்கள். நோயை வெளியில் சொல்வது அவர் விருப்பம். துணை நிற்பது நம் கடமை.