விரியலாக்கி முரல்வது ஏன்?

அம்பாறைக் கரையோரத்திலே மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் இல்லங்கள் பலவற்றில் ‘ஹோம் தியேட்டர்’ எனப்படும் வீட்டரங்கு ஒலிக்கருவி இன்று இடம்பெற்றுள்ளது. அவற்றுட் சில உள்ளூர்க் கடைகளில் வாங்கப்பட்டவை. சில மத்திய கிழக்கு நாடுகளில் உழைத்தோர் ஊர் திரும்புங்கால் உடன் கொணர்ந்தவை. பாட்டு நின்ற பின்னரும் வண்டு முரல்வது போன்றதோர் ஓசை ஓயாது கேட்டல் இக்கருவிகளுக்குப் பொதுவாயுள்ள நோயாகும். அந்நோயை நாடி, அதன் முதல் நாடும் முறையையும், உயிருக்கு ஊறு விளைக்கும் ஒரு தகாப் பரிகாரத்தையும் ஈண்டு ஆராய்வாம்.

1. செவியாற் சோதித்தல்

நம் நாட்டு வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று ஆடலோட்ட மின்சாரம். அது வினாடிக்கு 50 முறை அலைகின்றது. விரியலாக்கியின் உள்ளே நிலைமாற்றி அம்மின்னழுத்தத்தைக் குறைக்கின்றது. சீராக்கி அதனை ஒரு திசைப்படுத்துகின்றது. முழுவலைச் சீராக்கத்தின்போது அலையின் இரு பாதியும் ஒரே பக்கம் திரும்புதலால், எஞ்சும் துடிப்பு வினாடிக்கு 100 ஆகின்றது. எனவே முரலொலி இருவகைப்படும். வெளியிலிருந்து புகுவது பெரும்பாலும் 50 அதிர்வுடையது. கருவியின் மின்வழங்கியிற் பிறப்பது 100 அதிர்வுடையது.

இவ்விரண்டையும் வேறுபடுத்தற்குக் கருவி வேண்டுவதில்லை. ஓர் ஒலியின் அதிர்வு இரட்டித்தால் அதே சுரம் மேற்றானத்திற் கேட்கும். கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவில் 1892 இல் தோன்றிய சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞான ஆசிரியராகவும் பணியாற்றியவர். இசையும் கணிதமும் ஒருங்கு பயின்ற அவர்தம் யாழ்நூல் 1947 இல் வெளிவந்தது. அந்நூல் பயில்வோர்க்கு இவ்விரட்டிப்பு விதி புதியதன்று. தெருவோரத்து மின்கம்பத்திலுள்ள நிலைமாற்றி எழுப்பும் ஒலியின் அடிச்சுரம் 100 அதிர்வே. நும் கருவியின் ஒலி அதனோடு சுருதி சேர்ந்தால் உட்குறை எனவும், ஒரு தானம் தாழ்ந்து ஆழ்ந்திருந்தால் வெளிக்குறை எனவும் முதற்கண் ஐயுறலாம்.

2. விலக்கி அறிதல்

ஐயத்தைத் துணிவாக்கப் பின்வருமாறு செய்க.

முதலாவது, ஒலியளவைக் குறைத்துப் பார்க்க. முரலொலியும் உடன் குறைந்தால் குறை உள்ளீட்டுப் பக்கத்தது. மாறாதிருப்பின் மின்வழங்கியிலோ இறுதிப் படியிலோ உளது.

இரண்டாவது, மின்னை நிறுத்தி, தொலைக்காட்சி, கணினி, டிஷ் அன்டனாப் பெட்டி ஆகியவற்றிலிருந்து வரும் இணைப்புகள் யாவற்றையுங் கழற்றி, மீண்டும் இயக்குக. ஒலி நீங்கின் இணைப்புகளை ஒவ்வொன்றாக மீட்டும் பூட்டுக. எதனைப் பூட்டியதும் ஒலி எழுகின்றதோ அதுவே குற்றவாளி. ஒவ்வொரு முறையும் மின்னை நிறுத்திய பின்னரே கம்பியைத் தொடுதல் வேண்டும்.

மூன்றாவது, ஒலி ஒலிபெருக்கியினின்று வருகின்றதா, பெட்டியினின்றே வருகின்றதா எனக் கேட்க. சவூதி அரேபியாவில் மின்சாரம் வினாடிக்கு 60 அலைவுடையது. 60 என்று மட்டும் பொறிக்கப்பட்ட கருவியை இங்கே 50 அலைவில் இயக்கினால், நிலைமாற்றியின் இரும்பகத்திற் காந்தப்பாயம் ஐந்தில் ஒரு பங்கு மிகும். பெட்டி அதிரும், சூடேறும். அதனைத் தொடர்ந்து இயக்குதல் கூடாது. 50/60 எனப் பொறித்திருப்பின் அச்சமில்லை.

3. உட்குறை

சீராக்கிய மின்னின் துடிப்பை ஒப்பமாக்குவது மின்பகு கொள்ளளவி. 10,000 மைக்கிரோபரட் கொள்ளளவுடைய ஒன்றிலிருந்து 2 அம்பியர் ஓட்டம் எடுக்கப்படுகின்றது என்க. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடைப்பட்ட 0.01 வினாடியில் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 வோல்ற்று வீழும். அக்கொள்ளளவி உலர்ந்து 2,500 ஆகத் தேய்ந்தால் வீழ்ச்சி 8 வோல்ற்று. அதுவே முரலொலியாக வெளிப்படும். வெப்பம் 10 பாகை ஏறுந்தோறும் இவ்வகைக் கொள்ளளவியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் விதி. காற்றோட்டமற்ற கண்ணாடி அலுமாரியுள் விரியலாக்கியைப் பூட்டிவைப்போர் இதனை நினைவிற் கொள்க. மின்னை நிறுத்திய பின்னும் கொள்ளளவியில் மின்னேற்றம் தங்கும்; ஆதலின் பெட்டியைத் திறத்தல் கைதேர்ந்த திருத்துநர்க்கே உரியது.

4. வெளிக்குறை

உப்புக்காற்றால் துருப்பிடித்த முனைகளும் உறையறுந்த கம்பிகளும் முரலொலிக்கு வழிவிடும். இவற்றைத் துடைத்தலும் மாற்றுதலும் எளிது. இவற்றினும் நுண்ணியது புவித்தடம். விரியலாக்கி ஒரு குதையின் வழியாகவும், கணினியோ தனிச் செருகியுடைய சப்வூபரோ வேறொரு குதையின் வழியாகவும், அன்டனாக் கம்பி வெளியிலே பிறிதொரு வழியாகவும் புவியைத் தொடுமாயின், அவற்றிடையே சிறு மின்னழுத்த வேறுபாடு தோன்றும். அதனால் ஒலிக்கம்பியின் உறைவழியே ஓட்டம் சுற்றிவரும். விரியலாக்கி அதனையும் பெருக்கிக் காட்டும்.

எல்லாக் கருவிகளையும் ஒரே குதைத்தொகுதியிற் பொருத்துதல் முதற் பரிகாரம். ஒலிக்கம்பியில் தனிமைப்படுத்தும் நிலைமாற்றியை இடுதல் இரண்டாவது. ஒளியிழைக் கம்பியைப் பயன்படுத்துதல் மூன்றாவது. ஒளி செல்லும் இழையில் மின்னோட்டம் சுற்றமாட்டாது.

5. தகாப் பரிகாரம்

செருகியின் புவிக்கம்பியை அறுத்துவிட்டால் முரலொலி உடனே நிற்பதுண்டு. சிலர் அதனைச் சாமர்த்தியமெனக் கருதுவர். அஃது உயிரைப் பணயம் வைத்தலாகும்.

கணக்கிட்டு நோக்குக. கடற்கரை மணலில், ஆடி ஆவணி வறட்சியிலே, வீட்டுப் புவிக்கோலின் தடை 100 ஓம் என்று கொள்வோம். உயிர்க்கம்பி கருவியின் உலோகப் பெட்டியிற் பட்டால் புவிவழிச் செல்லும் ஓட்டம் 2.3 அம்பியர். 13 அம்பியர் உருகி அதனால் உருகாது. ஆயினும் 30 மில்லியம்பியருக்கே விழும் ‘ட்ரிப் சுவிச்’ கணத்தில் மின்னைத் துண்டிக்கும். புவிக்கம்பியை அறுத்த வீட்டிலோ அவ்வோட்டத்துக்கு வழியில்லை. பெட்டி 230 வோல்ற்றுடன் வாளாவிருக்கும். ஈரக்காலுடன் வந்து அதனைத் தொடும் குழந்தையின் உடலே வழியாகும். ட்ரிப் சுவிச் அப்போது விழக்கூடும்; பழுதுற்றதாயின் விழாது. சதுரத்துள் சதுரம் பொறித்த கருவிகள் இருமடிக் காப்புடன் புவிக்கம்பியின்றியே அமைக்கப்பட்டவை. அவை இதற்கு விலக்கு.

ஆகவே கருவி முரன்றால் ஒலியின் பிறப்பிடத்தைத் தேடுக. காப்பை அறுத்து அதனை அடக்கற்க. ட்ரிப் சுவிச்சிலுள்ள சோதனைப் பொத்தானைக் காலந்தோறும் அழுத்திப் பார்த்தலும், வறட்சிக் காலத்திற் புவிக்கோலின் தடையைத் தகுதியுள்ள மின்வினைஞரைக் கொண்டு அளப்பித்தலும் இல்லத்தார் கடன். பௌதிகம் பயிலும் இளைய மாணவர் தத்தம் வீட்டுச் செருகிகளில் மூன்றாம் முனை குறையின்றி உளதா என இன்றே நோக்குவாராக.