வைத்திருப்பதா, மாற்றுவதா? – கற்பனை ஹாக்கி அணியும் பொருளியலும்

பொருளியல் என்றவுடன் நம்மில் பலருக்கும் தேவைக்கோடும் அளிப்புக்கோடும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் படம்தான் நினைவுக்கு வரும். தேர்வு முடிந்ததும் அந்தப் படம் மறந்து போகும். ஆனால், 'அருமைப்பாடு', 'வாய்ப்புச் செலவு' என்று நம் ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதுகிற சொற்கள் விளையாட்டுத் திடலிலும் உயிரோடு உலவுகின்றன என்பதை எடுத்துக்காட்டவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன். ஹாக்கி ஆடுவோர் இதில் குறை கண்டால் பொறுத்தருள்க. பொருளியல் ஆசிரியர்கள் குறை கண்டால் மதிப்பெண்ணில் காட்டாதிருக்க வேண்டுகிறேன்.

கற்பனை அணி ஆட்டம் என்பது யாது? உண்மையான போட்டித் தொடர் ஒன்றில் ஆடும் ஆட்டக்காரர்களை நாம் காகிதத்தில் பங்கிட்டுக்கொண்டு ஆளுக்கோர் அணி அமைக்கிறோம். அவர்கள் திடலில் கோல் போட்டால் நம் அணிக்குப் புள்ளி சேரும். தொடர் நடக்கும்போதே ஒருவருக்கொருவர் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளலாம். யாரும் எடுக்காதவர்களிடமிருந்து புதியவரைச் சேர்க்கலாம். 1980-ஆம் ஆண்டு நியூயார்க்கில் டேனியல் ஓக்ரென்ட் என்னும் எழுத்தாளரும் அவர் நண்பர்களும் பேஸ்பால் ஆட்டத்தை வைத்து இவ்வாறு ஆடியதிலிருந்து இது பரவியது. கனடாவில் ஐஸ் ஹாக்கியை வைத்து ஆடுகிறார்கள். நம் நாட்டில் கைப்பேசி வழியே கிரிக்கெட்டை வைத்து, பணம் கட்டி ஆடும் பழக்கமாக இது வளர்ந்தது. அதில் தேர்வுக் கட்டணத்தை இழந்த மாணவர் ஒருவர் எங்கள் விடுதியிலேயே இருந்தார். அந்தப் பருவத் தேர்வை அவர் எழுதவில்லை. தமிழக அரசு 2022-இல் இணையவழிச் சூதாட்டத்திற்கு எதிராகச் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. நான் இங்கே கூறுவது இருநூறு பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை மட்டுமே மூலதனமாகக் கொண்ட ஆட்டம்.

ஏழு ஆண்டுகள் நின்று போயிருந்த ஹாக்கி இந்தியா லீக், 2024 டிசம்பர் இறுதியில் ரூர்கேலாவில் மீண்டும் தொடங்கியது. ஆடவர் பிரிவில் எட்டு அணிகள். நம் மாநிலத்தின் பெயரால் தமிழ்நாடு டிராகன்ஸ் களம் இறங்கியது. ஓர் அணிக்கு 24 பேர். அவருள் 8 பேர் வெளிநாட்டவர், இந்தியரில் குறைந்தது நால்வர் இளையோராக இருத்தல் வேண்டும். எங்கள் விடுதியில் எழுவர் சேர்ந்தோம். ஆளுக்குப் பதினொருவர், மாற்று ஆட்டக்காரர் மூவர். களக் கோலுக்கு 10 புள்ளி, பெனால்டி கார்னர் கோலுக்கு 8, கோலுக்கு வழி அமைத்துத் தருவதற்கு 5, கோல் விடாத கோல் காப்பாளருக்கு 6. பச்சை அட்டைக்கு 2 குறையும், மஞ்சள் அட்டைக்கு 4 குறையும்.

இந்தப் புள்ளி விதிதான் முதலில் கவனிக்கத்தக்கது. ஓர் ஆட்டக்காரரின் மதிப்பு அவர் திறமையில் மட்டும் இல்லை. எதற்கு எத்தனை புள்ளி என்று எழுதி வைத்திருக்கிறோமோ அதிலும் இருக்கிறது. இதே லீகில் 2016-ஆம் ஆண்டு களக் கோல் ஒன்றை இரண்டு கோலாகக் கணக்கிட்டார்கள். அந்த ஒரு வரி விதியால் பெனால்டி கார்னரில் டிராக் ஃபிளிக் அடிப்பவரின் ஒப்பு மதிப்பு இறங்கி, வட்டத்துக்குள் புகுந்து அடிக்கும் முன்கள ஆட்டக்காரரின் மதிப்பு ஏறியது. ஆட்டக்காரர் அவரேதான், குச்சியும் அதேதான்.

இனி விலைக்கு வருவோம். 2024 அக்டோபரில் டெல்லியில் நடந்த ஏலத்தில் மிக உயர்ந்த விலை போனவர் இந்திய அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங். சூர்மா ஹாக்கி கிளப் அவரை 78 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தது. வியப்பில்லை. அவ்வாண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட 15 கோல்களில் 10 அவர் போட்டவை. அத்தனையும் பெனால்டி கார்னரிலும் பெனால்டி ஸ்ட்ரோக்கிலும் வந்தவை. அதே ஒலிம்பிக்கில் ஜுக்ராஜ் சிங் என்பவர் மாற்று ஆட்டக்காரராக மட்டுமே பெயர் பெற்றிருந்தார். அவரும் கார்னர் அடிப்பவர்தான். ஆனால் ஹர்மன்பிரீத்தும் அமித் ரோகிதாசும் இருக்கிற அணியில் மூன்றாமவருக்கு என்ன வேலை? லீகில் அவர் வங்காள அணிக்குப் போனார். கார்னர் அடிக்கும் வாய்ப்பு கைக்கு வந்தது. 2025 பிப்ரவரி முதல் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் ஹைதராபாத் தூபான்ஸை 4–3 என்று வங்காள அணி வென்றபோது, அந்த நான்கில் மூன்று கோல் ஜுக்ராஜுடையது. திறமை ஒரு பங்கு. எந்த இடத்தில் நிற்கிறார் என்பது மறு பங்கு. எங்கள் எழுவரில் ஜுக்ராஜை ஆறாம் சுற்று வரை யாரும் கேட்கவில்லை. பெயர் கேட்டு வாங்குவோர் அங்கும் அதிகம்.

இப்போது மையமான சிக்கலுக்கு வருகிறேன். தொடரின் நடுவில் பக்கத்து அறை நண்பர் ஒரு பேரம் கொண்டு வந்தார். என்னிடம் இருந்த கார்னர் அடிப்பவரைத் தந்தால், நல்ல முன்கள ஆட்டக்காரர் ஒருவரையும் நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரையும் தருவதாகச் சொன்னார். என்னவர் ஆட்டத்துக்குச் சராசரி 7 புள்ளி ஈட்டுகிறார் எனக் கொள்வோம். நண்பர் தருவோர் 8-உம் 4-உம். பன்னிரண்டைக் கொடுத்து ஏழைக் கேட்கிறார்! கேட்டவுடன் சரி என்றுதான் சொல்லத் தோன்றும்.

ஆனால் என் அணியில் பதினொருவருக்குத்தான் இடம் உண்டு. புதிதாக வரும் முன்கள ஆட்டக்காரர் ஏற்கெனவே 5 புள்ளி ஈட்டும் ஒருவரை வெளியேற்றித்தான் உள்ளே வருகிறார். எனவே எனக்கு இலாபம் 8 அன்று, 3. நடுக்களத்தில் 3 ஈட்டுபவர் போய் 4 ஈட்டுபவர் வருகிறார், இலாபம் 1. கொடுத்துவிட்ட பின்கள ஆட்டக்காரரின் இடத்தில் யாரை நிறுத்துவது? யாரும் எடுக்காத பின்கள ஆட்டக்காரர்கள் உண்டு. ஆனால் கார்னர் அடிப்பவர் எவரும் மிச்சமில்லை. கிடைப்பவர் ஆட்டத்துக்கு 1 புள்ளிதான் ஈட்டுவார். இழப்பு 6. ஆக, வரவு 4, செலவு 6. ஆட்டத்துக்கு இரண்டு புள்ளி நட்டம்.

ஒருவரின் மதிப்பு அவர் ஈட்டும் புள்ளி அன்று. அவர் போனால் அந்த இடத்துக்குக் கிடைக்கக்கூடியவர் ஈட்டுவதைக் கழித்தால் மிஞ்சுவதே மதிப்பு. தண்ணீருக்கும் வைரத்துக்கும் ஆதம் ஸ்மித் சொன்ன வேற்றுமையை நாம் முதலாண்டிலேயே படித்திருக்கிறோம். எட்டு அணிகளிலும் சேர்த்து ஒழுங்காக ஆடும் முன்கள ஆட்டக்காரர் நாற்பது பேராவது தேறுவர். எங்கள் ஏழு காகித அணிகளுக்கு வேண்டியவர் இருபத்தொருவர்தான். கார்னர் அடிப்பவரோ அணிக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர்.

நண்பர் விடவில்லை. "உன் ஆள் கடைசி இரண்டு ஆட்டமாகக் கோலே போடலியே" என்றார். இங்கேதான் புள்ளியியல் துணைக்கு வருகிறது. நாலு கார்னருக்கு ஒரு கோல் என்பது ஒருவரின் நெடுநாள் கணக்கு என்று வைத்துக்கொண்டால், நான்கு கார்னரும் வீணாவதற்கு வாய்ப்பு 256-இல் 81. அதாவது ஏறத்தாழ 32 விழுக்காடு. எட்டும் வீணாவதற்குக்கூடப் பத்து விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. ஆகவே இரண்டு ஆட்டம் கோல் வராதது ஒரு செய்தியே அன்று. கார்னர் அடிக்கும் பொறுப்பே அவரிடமிருந்து வேறொருவருக்குப் போய்விட்டது என்றால் அது செய்தி. கோல் எண்ணிக்கையைவிட, யார் பந்தின் பின்னால் நிற்கிறார் என்று பார்ப்பதே நல்லது. பேரத்தை நான் ஏற்கவில்லை.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. முதல் சுற்றில் ஆசையோடு எடுத்தவரைக் காயம்பட்ட பின்னும் விடாமல் வைத்திருப்போர் எழுவரில் மூவர் இருந்தனர். "முதல் ஆளா எடுத்தேனே, எப்படி விடறது?" என்பார்கள். பர்கூர் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் என் தந்தையார் இதை ஒரு நொடியில் தீர்த்து வைப்பார். ஆடி போய், தீபாவளி போய், பொங்கலும் போன பின் அலமாரியில் தங்கிய சேலையைப் பற்றி அவர் சொல்வது இதுதான்: "வாங்கின வெலைய மறந்துடு. இன்னிக்கு என்ன வெலைக்குப் போகும், அத மட்டும் சொல்லு." அமிழ்ந்த செலவு என்று பாடநூல் இரண்டு பக்கம் எழுதுவதும் இதைத்தான்.

இளையோரை வைத்திருப்பது தனிக்கலை. அடுத்த ஆண்டுக்கும் சிலரைத் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தால் கணக்கே மாறிவிடும். நம் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புக் குத்தகையை எண்ணிப் பாருங்கள். பூவிலேயே குத்தகை எடுப்பவருக்கு விலை குறைவு. ஆனால் காற்றும் மழையும் தத்துப்பூச்சியும் அவர் தலையில். காய் பிடித்த பின் எடுப்பவருக்கு அச்சம் குறைவு, விலை கூடுதல். பத்தொன்பது வயது ஆட்டக்காரர் பூ. 2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் இளையோர் உலகக் கோப்பை நடந்து, ஜெர்மனி வென்று, இந்தியா வெண்கலம் பெற்றது. அதனைப் பார்த்தவர்களுக்கு எந்தப் பூ நிற்கும் என்று ஓரளவு தெரிந்திருக்கும். எல்லாத் தோப்பையும் பூவிலேயே எடுத்தவர் பிழைத்ததில்லை என்பதும் நம் ஊரில் யாவரும் அறிந்ததே.

உலகம் அறிந்த மாற்றம் ஒன்றையும் குறிப்பிடாமல் விட முடியாது. ஐஸ் ஹாக்கியின் தலைசிறந்த ஆட்டக்காரராகப் போற்றப்படும் வெய்ன் கிரெட்ஸ்கியை 1988 ஆகஸ்டில் எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணிக்கு மாற்றியது. கைமாறாக இளம் ஆட்டக்காரர்களும், வருங்காலப் புதியவர்களை முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை மூன்றும், ஒன்றரைக் கோடி டாலரும் வந்தன. கனடாவே துயருற்றது. ஆனால் 1990-இல் ஸ்டான்லி கோப்பையை வென்றது கிரெட்ஸ்கி இல்லாத எட்மன்டன்தான். கிங்ஸ் 1993-இல் இறுதி ஆட்டம் வரை சென்று மான்ட்ரியாலிடம் தோற்றது. இதைக் கொண்டு மாற்றியது சரி என்று வாதிடுவோர் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். எட்மன்டனில் மார்க் மெசியர் போன்றோர் மிஞ்சியிருந்தனர் என்பதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

நோட்டுப் புத்தகம் எங்கள் அறையோடு நின்றிருந்தால் இக்கட்டுரை இங்கே முடிந்திருக்கும். அவ்வாண்டு கல்லூரிகளுக்கிடையேயான போட்டிக்குப் பதினெண்மரைத் தேர்ந்தெடுக்கும்போது உடற்கல்வி இயக்குநர் அதைப் பார்க்க நேர்ந்தது. பதினேழு பேர் உறுதி. பதினெட்டாம் இடத்துக்கு இருவர். ஒருவர் மூன்றாண்டுகளாக அணியில் இருக்கும் இறுதியாண்டு அண்ணன், ஹாஃப் பேக். மற்றவர் முதலாண்டு மாணவர். கார்னர் நன்றாக அடிப்பார். நாங்கள் பயிற்சி ஆட்டங்களுக்கும் புள்ளி போட்டு வைத்திருந்தோம். அதன்படி தம்பிக்கு ஆட்டத்துக்கு 6, அண்ணனுக்கு 1. எங்களுக்கு ஐயமே இல்லை.

இயக்குநர் நோட்டைப் புரட்டிவிட்டு, "எதிரிக்குக் கார்னர் கிடைச்சா கோல் லைன்ல இருந்து முதல்ல ஓடி வர்றது யாருப்பா?" என்று கேட்டார். அண்ணன்தான். அடிக்கிறவனை நோக்கி நேராக ஓடி, பந்தை முழங்காலில் வாங்குகிற வேலை அது. "அதுக்கு இதுல எத்தனை மார்க்?" என்றார். அதற்கு எங்கள் நோட்டில் பத்தியே இல்லை.

அந்த இடம் அண்ணனுக்கு வெறும் இடமன்று. போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு விண்ணப்பிக்க முடியும்; அவருக்கு அதுவே கடைசி ஆண்டு. தம்பிக்கு இன்னும் இரண்டு ஆண்டு உண்டு. காகிதத்தில் ஒருவர் பெயரைக் குறுக்கே அடிப்பதற்குப் பேனா போதும். எதிரில் உட்கார்ந்திருக்கிறவரின் பெயரை அடிப்பது வேறு.

இயக்குநர் இருவரையும் வைத்துக்கொண்டார். உறுதி என்றிருந்த பதினேழு பேரில் ஐந்தாம் முன்கள ஆட்டக்காரரை எடுத்துவிட்டார். அந்த முன்கள ஆட்டக்காரர் எங்கள் எழுவரில் ஒருவர், அந்தப் பேரம் கொண்டு வந்த நண்பரேதான். முன்கள ஆட்டக்காரர் எளிதில் கிடைப்பர் என்று நான் போட்டுக் காட்டிய கணக்கை அவர் ஒரு வாரம் என்னிடம் பேசாமல் நினைவூட்டினார்.

முதல் ஆட்டத்தில் வென்றோம். இரண்டாம் ஆட்டத்தில் 2–1 என்று தோற்றோம். தம்பிக்கு அன்று மூன்று கார்னர் கிடைத்தது, ஒன்றும் கோலாகவில்லை. நாலுக்கு ஒன்று என்னும் கணக்கில் மூன்றும் வீணாக 42 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எதிரணிக்கு ஐந்து கார்னர் கிடைத்தது. ஐந்துக்கும் அண்ணன் ஓடினார், நான்கு தடுக்கப்பட்டன. புதிய நோட்டில் 'கார்னர் ஓட்டம்' என்றொரு பத்தி போட்டு, தடுத்தால் 3 புள்ளி என்று எழுதியிருக்கிறோம். மூன்று குறைவு, ஐந்தாவது வேண்டும் என்று நண்பர் வாதிடுகிறார். இன்னும் முடிவாகவில்லை.