எந்தப் பாக்கி முதலில்?

தை மாதத்தில் அறுவடை முடிந்து களத்தில் நெல் குவியும் நாளே, உழவரின் வாசலில் கடன் கேட்போர் கூடும் நாளுமாகும். நிலச் சொந்தக்காரர் குத்தகைக்கு ஆள் அனுப்புவார். வீட்டுக் கடன் தவணை தவறியது என்று வங்கியிலிருந்து கடிதம் வரும். கூட்டுறவுச் சங்கச் செயலாளர் பயிர்க் கடனின் கெடு நாளை நினைவூட்டுவார். உரக்கடைக்காரர் வழியில் நிறுத்திக் கேட்பார். கைமாற்றுக் கொடுத்தவரோ திண்ணையிலேயே அமர்ந்துவிடுவார். கையில் உள்ள பணம் இவர்கள் அனைவருக்கும் போதாது. அந்நிலையில் யாருக்கு முதலில் கொடுப்பது?

நம் சிற்றூர்களில் பெரும்பாலோர் உரக்கக் கேட்பவருக்கே முதலில் கொடுத்து விடுகின்றனர். மானத்திற்கு அஞ்சி அவ்வாறு செய்வது இயல்பே. ஆனால் சத்தமின்றி இருக்கும் பாக்கியே பல வேளைகளில் நிலத்தையும் வீட்டையும் கொண்டு போய்விடுகிறது. தவறினால் திரும்பப் பெற இயலாத பொருள் எந்தப் பாக்கியின் பின்னே நிற்கிறதோ, அதுவே முதலில் தீர்க்க வேண்டிய பாக்கி. இவ்வொரு விதியை மனத்திற் கொண்டால் கடனை ஒழுங்குபடுத்தும் வழி தானே புலப்படும்.

முதல் வேலை: ஏட்டில் எழுதுதல்

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்று சொல்லிக் கணக்கையே பாராது விடுவோர் உளர். மிஞ்சாத ஆண்டில்தான் கணக்கு மிகவும் தேவை. ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு கடனுக்கும் ஐந்து செய்திகளை எழுதுக: யாருக்குக் கொடுக்க வேண்டும், அசல் எவ்வளவு, வட்டி வீதம் என்ன, கெடு நாள் எது, தவறினால் எதை இழப்போம். ‘மூன்று வட்டி’ என்று பேச்சில் சிறிதாகத் தோன்றுவது, மாதம் நூற்றுக்கு மூன்று, அதாவது ஆண்டுக்கு முப்பத்தாறு என்பது எழுதிய பின்னரே உறைக்கும். இக்கணக்கைக் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து எழுதுதல் வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வாங்கிய கடன் ஏட்டில் ஏறாவிட்டால், போட்ட திட்டம் முழுவதும் பாழாகும்.

குத்தகைப் பாக்கி

பிறர் நிலத்தில் தம் உடலுழைப்பாலோ குடும்பத்தாரின் உழைப்பாலோ பயிரிடுவோரைத் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1955 காக்கிறது. சொந்தக்காரர் நினைத்த மாத்திரத்தில் அவரை வெளியேற்ற இயலாது. ஆயினும் அச்சட்டமே குத்தகை தவறுவதை வெளியேற்றத்துக்குரிய காரணங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறது. குத்தகை செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்திற்குள் செலுத்திவிட வேண்டும். ஆதலின் நிலச் சொந்தக்காரர் பொறுமையானவர் என்பதற்காக இப்பாக்கியைப் பின்னுக்குத் தள்ளுதல் ஆபத்தாகும். அவர் பொறுத்தாலும், அவர் மக்கள் பொறுப்பார்கள் என்பதற்கு உறுதி இல்லை.

சொந்தக்காரர் குத்தகையை வாங்க மறுத்தாலோ, ரசீது தர மறுத்தாலோ, அத்தொகையை வருவாய் நீதிமன்றத்தில் செலுத்தும் உரிமை குத்தகைதாரருக்கு உண்டு. நெல்லாகக் கொடுப்பதாயின் அதன் அன்றைய சந்தை மதிப்பைச் செலுத்தலாம். பாக்கிக்காக வழக்கு வந்துவிட்டாலும், இரு தரப்பாரின் நிலையையும் கருதி நியாயமான தவணை கொடுக்க அதே சட்டம் இடமளிக்கிறது. அத்தவணைக்குள் கட்டியவர் குத்தகையை உரிய காலத்தில் செலுத்தியவராகவே கொள்ளப்படுவார். எனவே அழைப்பாணை வந்தால் ஒளியாமல் குறித்த நாளில் முன்னிற்பதே அறிவுடைமை. 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டப்படி வட்டாட்சியர் அலுவலகப் பதிவேட்டில் தம் பெயர் ஏறியிருக்கிறதா என்பதையும் குத்தகைதாரர் ஒவ்வொருவரும் பார்த்துக் கொள்ள வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு ரசீது ஒன்றே வாய்.

அடமானப் பாக்கி

அடமானம் பல வகைப்படும். வகைக்கேற்ப ஆபத்தும் வேறாகும்.

வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துப் பெற்ற கடனில், தவணை தொண்ணூறு நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக் கடனாக வகைப்படுத்தப்படும். அதன் பின்னர் முழுக் கடனையும் கட்டுமாறு அறுபது நாள் அறிவிப்புக் கொடுத்து, நீதிமன்றத்தில் வழக்குத் தொடராமலே வீட்டைக் கைப்பற்றி விற்கும் அதிகாரத்தை, சர்ஃபேசி என வழங்கும் 2002-ஆம் ஆண்டின் சட்டம் வங்கிக்கு அளிக்கிறது. அவ்வறிவிப்புக்கு எழுத்து மூலம் மறுமொழி தந்தால், வங்கி பதினைந்து நாட்களுக்குள் தன் விடையைக் காரணத்துடன் தெரிவிக்க வேண்டும். ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்னர் முழுப் பாக்கியையும் செலவுடன் கட்டி வீட்டை மீட்கலாம். வேளாண் நிலத்தின் மீதுள்ள அடமானத்துக்கு இச்சட்டம் பொருந்தாது. அதற்காக அக்கடன் மறைந்துவிடுவதில்லை. வங்கி நீதிமன்ற வழியில் வசூலிக்கும். மூன்றாம் தவணை தவறுமுன் வங்கிக்கு நேரிற் சென்று பேசுவதே எளிய வழி.

நிலத்தைப் பணம் கொடுத்தவரிடம் அனுபவத்துக்கு விடும் ஒத்தி அல்லது போக்கியத்தில், பணத்தைச் செலுத்தி மீட்கும் உரிமை காலக் கழிவால் கெடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்திருக்கிறது. எனினும் பத்திரம் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். மீட்டதும் ரசீதுப் பத்திரத்தையும் பதிந்து, வில்லங்கச் சான்றில் அடமானம் நீங்கியதைக் கண்டு கொள்ள வேண்டும்.

எல்லாவற்றினும் கொடியது ஒன்று உண்டு. ‘நம்பிக்கைக்காக’ என்று சொல்லி, கடனுக்கு ஈடாகக் கிரயப் பத்திரமே எழுதி வாங்குதல் அது. பணம் திருப்பினால் நிலத்தைத் திருப்புவேன் என்னும் நிபந்தனை அதே பத்திரத்தில் இல்லையெனில், சட்டம் அதனை அடமானமாகக் கொள்ளாது, விற்பனையாகவே கொள்ளும். எத்துணை நெருக்கடியிலும் கடனுக்காகக் கிரயமோ, நிலத்தை விற்கும் அதிகாரப் பத்திரமோ எழுதிக் கொடுத்தல் கூடாது.

பயிர்க் கடன்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் கெடு நாளுக்குள் திருப்பும் பயிர்க் கடனுக்கு 2009-10 முதல் உழவரிடம் வட்டி வாங்குவதில்லை. நாள் கடந்தால் இச்சலுகை போகும். அடுத்த பருவத்துக்குக் கடனும் கிடைக்காது. பிறகு அவர் போகுமிடம் வட்டிக்காரர் வீடே. 1951-52-இல் நடந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வில், உழவர் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்கு மூன்று. லேவாதேவிக்காரர் பங்கு ஏறத்தாழ எழுபது. அந்நிலையிலிருந்து நாம் வந்த தொலைவு பெரிது. கெடு தவறும் குடும்பம் தனக்கு மட்டும் அப்பழைய நிலையை வரவழைத்துக் கொள்கிறது. 2006, 2008, 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் கடன் தள்ளுபடிகள் வந்தன என்பது மெய். ஆனால் அடுத்தது எப்பொழுது, யாருக்கு என்பது எவருக்கும் தெரியாது. அதனை எதிர்பார்த்துக் கட்டாமல் இருப்பது மழையை நம்பி மதகை அடைப்பது போன்றது.

ஓர் எடுத்துக்காட்டு

நான் அறிந்த ஒரு குடும்பத்தின் நிலையைத் தொகைகளை மாற்றித் தருகிறேன். அவருக்கு இரண்டு ஏக்கர் குத்தகை நிலமும், அடமானத்தில் உள்ள ஒரு வீடும், ஒரு கறவை மாடும் உண்டு. வீட்டுக் கடனின் மாதத் தவணை ரூ. 6,000 பால் பணத்திலிருந்து போய்க் கொண்டிருந்தது. மாடு வற்றிய காலத்தில் மூன்று தவணைகள் நின்றன. விதைநெல்லும் உணவு நெல்லும் எடுத்து வைத்த பின் கையில் ரூ. 1,30,000 இருந்தது. கொடுக்க வேண்டியவை: குத்தகை 24,000, வீட்டுத் தவணை 18,000, பயிர்க் கடன் 60,000, நகைக் கடன் அசல் 70,000, அதன் ஓராண்டு வட்டி 6,300, மூன்று வட்டிக் கைக்கடன் 50,000, உரக்கடை 12,000.

அவர் எண்ணியது யாது? நாள்தோறும் வந்து பேசும் கைக்கடன்காரருக்கு 50,000, உரக்கடைக்கு 12,000 கொடுத்துவிட்டு, மிஞ்சும் 68,000-உடன் இன்னும் 8,300 புரட்டி மகளின் நகையை மீட்பது. அவ்வாறு செய்திருந்தால் வாசலில் சத்தம் அடங்கியிருக்கும், நகையும் வந்திருக்கும். குத்தகை, வீடு, சங்கம் மூன்றும் தவறியிருக்கும்.

நாங்கள் சேர்ந்து எழுதிய திட்டம் வேறு. குத்தகை, வீட்டுத் தவணை, பயிர்க் கடன் மூன்றையும் முழுதாகக் கட்ட ரூ. 1,02,000 ஆயிற்று. மிஞ்சியது 28,000. நகைக்கு வட்டி 6,300 கட்டிக் கடனைப் புதுப்பித்ததால், நகை ஏலத்துக்குப் போகாமல் நின்றது. எஞ்சிய 21,700-இல் கைக்கடன் அசலுக்கு 15,000 சென்றது. அதனால் மாத வட்டி 1,500-இலிருந்து 1,050 ஆகக் குறைந்தது. உரக்கடைக்கு 3,000 கொடுத்து, மீதி 9,000-க்கு மூன்று தவணை கேட்டுப் பெற்றார். 3,700 வீட்டில் அவசரத்துக்கு நின்றது. மாடும் கன்று ஈன்றதால் மாதத் தவணை மீண்டும் பாலில் ஓடத் தொடங்கியது.

வட்டி மிகுந்த கைக்கடனை முதலில் அடைப்பதல்லவா கணக்கு என்று கேட்கலாம். அக்கேள்வியில் உண்மை உண்டு. நிலமும் வீடும் சங்கக் கடனும் காக்கப்பட்ட பின், அடுத்த ரூபாய் ஒவ்வொன்றும் வட்டி மிகுந்த கடனுக்கே செல்ல வேண்டும். மீதி 35,000-ஐ மனைவியார் மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் பெற்று அடைத்தார். ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி என்று வைத்தாலும் மாத வட்டி 350 ஆகிறது. மாதம் 700 மிச்சம். கடனை அடைக்கக் கடன் வாங்குதல் இரண்டு நிபந்தனைகளுடன்தான் தகும்: வட்டி குறைய வேண்டும், புதிதாக எப்பொருளும் ஈடாகப் போகக் கூடாது. குழுக் கடன் தவறினால் அண்டை வீட்டாருக்கும் இடர் என்பதை மறத்தல் கூடாது.

கைக்கடன்காரரிடம் பேசும் முறை

பின்னுக்கு வைத்த கடன்காரரை ஏமாற்றுதல் நம் நோக்கமன்று. அவரைத் தேடிச் சென்று, இவ்வளவு இப்பொழுது, மீதி இந்நாளில் என்று சொல்லுக. சொன்ன நாளில் சிறு தொகையேனும் கொடுக்க. கொடுத்த தொகையைப் புரோநோட்டின் பின்புறம் வரவு எழுதச் செய்க. வெற்றுத் தாளிலோ நிரப்பாத காசோலையிலோ கையொப்பம் இடற்க. அரசு குறித்த வீதத்துக்கு மேல் கந்துவட்டி, மீட்டர் வட்டி வாங்குவது 2003-ஆம் ஆண்டின் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மிரட்டல் நேர்ந்தால் காவல் நிலையத்தில் முறையிடலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு

ஒருவரின் கடனைக் கிராம சபையில் பேசுதல் தகாது. ஆனால் பொதுவான செய்திகளை அங்குச் சொல்லலாம். சங்கக் கடனின் கெடு நாள், பயிர்க் காப்பீட்டின் கடைசி நாள் ஆகியவற்றை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். பயிர் அழிந்த ஆண்டில் காப்பீட்டுத் தொகையே குத்தகையைக் காக்கும். வட்டச் சட்டப் பணிகள் குழுவை அழைத்து ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆலோசனை முகாம் நடத்துங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தோருக்கும் அங்கு வழக்கறிஞர் உதவி இலவசம். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். வங்கிப் பாக்கிகளை மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகத் தீர்த்துக் கொள்ளவும் வழி உண்டு. அறிவிப்புக் கடிதம் வந்து, படிக்க அஞ்சி அதைக் கூரையில் செருகி வைக்கும் குடும்பம் உங்கள் வார்டில் இருக்கக்கூடும். அக்கடிதத்தைப் படித்துச் சொல்லி, வங்கி வரை உடன் செல்லும் உறுப்பினர் செய்வது சாலை போடுவதற்குக் குறைந்த தொண்டன்று.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் பெரியோர். இவ்வாண்டு நெல் விற்ற பணம் கைக்கு வருமுன்னரே குறிப்பேட்டை எடுங்கள். தவறினால் நிலம் போகும், வீடு போகும் என்னும் பாக்கிகளை முதல் வரியில் எழுதுங்கள். திண்ணையில் அமர்ந்திருப்பவருக்கு அதன் பின்னர் விடை சொல்லலாம்.