குளிப்பாட்டுவதைவிடத் துவட்டுவது முக்கியம்

லேக் மார்க்கெட், கொல்கத்தா

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

குட்டி வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். வாசனை ஷாம்பு, கண்டிஷனர், பவுடர், மழைச்சட்டை, குட்டிச் செருப்பு என்று ஒரு பக்கத்துக்குப் போகிறது. இதில் எது அவசியம் என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்பதால் எழுதுகிறேன். மூன்று மாத லாப்ரடாருக்கு நாய்க்கென்றே செய்த ஷாம்பு ஒன்று, ரப்பர் பிரஷ் ஒன்று, நகவெட்டி ஒன்று, நல்ல பருத்தித் துண்டு நான்கு, இவை போதும். மிச்சப் பணத்தைத் தடுப்பூசிக்கு எடுத்து வை.

நான்கு துண்டு எதற்கு என்று கேட்பாய். நீங்கள் திருச்சியிலிருந்து வந்து இன்னும் ஒரு முழு மழைக்காலத்தைக் கூட இங்கே பார்க்கவில்லை. ஜூன் பாதியில் தொடங்கினால் துர்கா பூஜை வரைக்கும் காற்றிலேயே தண்ணீர் இருக்கும். அலமாரியில் வைத்த தோல் செருப்பே பூஞ்சை பிடித்துவிடும். உன் குட்டியின் முன்னோர்களோ கனடாவில் நியூஃபவுண்ட்லாந்துக் கடற்கரையில் மீனவர்களோடு குளிர்ந்த நீரில் நீந்தியவை. அதற்காகவே அந்த இனத்துக்கு இரட்டை ரோமம். மேலே எண்ணெய்ப் பசையுள்ள முரட்டு முடி, அடியில் கம்பளி போல அடர்ந்த மென்முடி. குளிர்கடலில் அந்த உடலைக் காத்தது இந்த அடிமுடிதான். கொல்கத்தாவில் அதுவே ஈரத்தைத் தோலோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலே தடவிப் பார்த்தால் காய்ந்தது போலத்தான் இருக்கும். அடியில் ராத்திரி முழுக்க ஈரம் நிற்கும். அங்கே கிருமியும் பூஞ்சையும் பெருகும், குட்டி சொறியும், நக்கும். விடிந்து பார்த்தால் ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவந்து நீர் கசியும் புண் வந்திருக்கும்.

அதனால் குளியலைக் குறை. மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். சேற்றில் புரண்டு வந்தால் மட்டும் கணக்குப் பார்க்காதே. நம் சோப்பையும் ஷாம்புவையும் போடாதே. நம் தோல் அமிலத்தன்மை உடையது, நாயின் தோல் நடுநிலைக்குப் பக்கமானது, நம்முடையதைவிட மெல்லியதும்கூட. நமக்கென்று செய்தது அதை வறட்டி அரிப்பை உண்டாக்கும். முக்கியமான வேலை குளித்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஒரு துண்டால் ஒற்றி எடு, அது நனைந்ததும் அடுத்தது. பிறகு முடியை எதிர்த்திசையில் விலக்கி, விரல்நுனியால் தோலையே தொட்டுப் பார். கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், வாலின் அடியில், விரலிடுக்குகளில் ஈரம் ஒளிந்திருக்கும். அப்புறம் மின்விசிறிக்குக் கீழே படுக்கவை. கோடையில் வெக்கையாக இருக்கிறதே என்று யாராவது மொட்டையடிக்கச் சொன்னால் சம்மதிக்காதே. அந்த முடி வெயிலையும் தடுக்கிறது. இரட்டை ரோமத்தை வழித்துவிட்டால் சில நாய்களுக்குத் திட்டுத் திட்டாகத்தான் திரும்ப முளைக்கும். தினமும் பிரஷ் போட்டு உதிர்ந்த அடிமுடியை எடுத்துவிட்டாலே காற்று உள்ளே போகும்.

காதுக்கும் இதே கதைதான். நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி உள்பக்கம் மடங்குகிறது. மேலே மடல் மூடியிருக்கிறது. உள்ளே போன தண்ணீர் லேசில் காயாது. குளிப்பாட்டும்போது காதுக்குள் தண்ணீர் விடாதே. இரண்டு நாளுக்கு ஒருமுறை மடலைத் தூக்கி முகர்ந்து பார். நல்ல காதில் வாடையே இருக்காது. புளித்த வாடை அடித்தாலோ, பழுப்பு நிறத்தில் அழுக்கு சேர்ந்தாலோ, குட்டி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாலோ மருத்துவரிடம் போய்விடு. பட்ஸ் விட்டுக் குடையாதே, அது அழுக்கை இன்னும் உள்ளே தள்ளும்.

அடுத்து உண்ணி. இந்த ஊரில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து பெருகக்கூடியது. ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயிலிருந்து விழுந்து, சுவரில் ஏறி, விரிசலிலோ பழைய மர ஜன்னலின் பலகை இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் குட்டியின் மேல் இருப்பதை மட்டும் பொறுக்கினால் தீராது, வீட்டு இடுக்குகளையும் பார்க்க வேண்டும். தினமும் சாயங்காலம் குட்டியை மடியில் மல்லாத்திப் போட்டு ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பார், பிறகு காது மடலின் உட்புறம், கண்ணோரம். கடுகளவில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல் நேராக இழுத்து ஸ்பிரிட்டில் போடு. மண்ணெண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் பக்கத்து வீட்டு யோசனைகள், கேட்காதே. உண்ணி கொண்டுவரும் எர்லிக்கியா, பபீசியா நோய்களில் காய்ச்சல் வரும், சாப்பாடு இறங்காது, ரத்தம் குறையும். ரத்தம் குறைவதைக் கவனிக்க உன் கட்டைவிரல் உதவும். மேலுதட்டைத் தூக்கி ஈற்றை அழுத்திவிட்டு எடு. வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். ஈறு எப்போதும் வெளுத்தே இருந்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ அன்றைக்கே மருத்துவரைப் பார்.

கொசுவையும் சாதாரணமாக நினைக்காதே. கொசு மலேரியாவைக் கடத்தும் வழியை ரொனால்ட் ராஸ் 1898இல் பறவைகளை வைத்துக் கண்டறிந்தது இந்த ஊரில்தான். நாய்க்கு இதயப்புழுவைக் கொண்டுவருவதும் கொசுதான். மாதாமாதம் கொடுக்கும் தடுப்பு மருந்து உன் குட்டிக்கு வேண்டுமா என்று மருத்துவரிடம் கேள்.

மழைத் தண்ணீர் தெருவில் நிற்கும்போது நடைக்குக் கூட்டிப் போகாதே. 2025 செப்டம்பரில், பூஜைக்குச் சில நாள் முன்னால், ஒரே நாளில் 250 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து ஆட்கள் இறந்தார்கள். மின்சாரம் இல்லாவிட்டாலும் அந்தத் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும். அதிலிருந்து வரும் லெப்டோஸ்பைரோசிஸ் குட்டியின் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கும், உனக்கும் தொற்றும். தண்ணீர் வடியும்வரை மொட்டைமாடி போதும்.

தடுப்பூசி முடியும்வரை தெருவே வேண்டாம். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், நம் செருப்பில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் வரும். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லும் பாட்டி இந்த விஷயத்தில் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் ஊசியை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை பதினாறு வாரம் வரை போட வேண்டும். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில். அதனால் இந்த வாரமே மருத்துவரிடம் போய்விடு. விளையாட்டில் அதன் பல் உன் கையில் பட்டு ரத்தம் வந்தால் மறைக்காதே. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அம்மாவிடம் சொல், மருத்துவமனைக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று யாராவது பயமுறுத்துவார்கள். அந்தப் பழைய மருந்தைக் கைவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது கையில் போடும் சில ஊசிகள்தான். ஆனால் வெறிநோய் வந்தபின் பிழைத்தவர்கள் அநேகமாக யாருமில்லை, இதில் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

எந்த மருத்துவர் என்று உன் அம்மா கேட்டாள். பக்கத்தில் நல்லவர் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய சிக்கல் என்றால் பேல்காச்சியா இருக்கிறது. 1893இல் தொடங்கிய வங்காளக் கால்நடைக் கல்லூரி, இப்போது பல்கலைக்கழகமாக அங்கேயே இயங்குகிறது.

சாப்பாட்டில் நம் வீட்டுக்கும் பக்கத்து வங்காளி வீட்டுக்கும் ஒரே எச்சரிக்கை. நம் பாயசத்திலும் அவர்களுடைய பாயேஷிலும் உலர்திராட்சை போடுவார்கள். அது நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். சாம்பார் வெங்காயம், சாக்லேட், முள்ளோடு இலிஷ் மீன், வெந்த கோழியெலும்பு எதுவும் ஆகாது. காய்ச்சல் போலத் தெரிந்தால் வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலோ ஐபுப்ரோஃபெனோ கொடுத்துவிடாதே.

நகம் வெட்ட இப்போதே பழக்கு. முதல் வாரம் வெட்டவே வேண்டாம், பாதத்தைக் கையில் வைத்து ஒவ்வொரு விரலாக மெல்ல அமுக்கி ஒரு துண்டுக் கோழி கொடு. அது கையை இழுக்காத நாளில் நுனியை மட்டும் கத்தரி. கறுப்பு நகத்தில் ரத்தநாளம் வெளியே தெரியாது. மெல்லிய சீவலாக எடுத்துக்கொண்டே போனால் வெட்டிய முகத்தின் நடுவில் ஒரு கரும்புள்ளி தெரியும், அங்கே நிறுத்திவிடு. ரத்தம் வந்துவிட்டால் சோளமாவை வைத்து அழுத்து, நின்றுவிடும்.

பட்டாசு வெடிக்கும் காளி பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் அதற்கும் இந்த வயதிலேயே தயாராக வேண்டும். குட்டி சாப்பிடும் நேரத்தில் வெடிச்சத்தத்தைப் போனில் மிகச் சன்னமாகப் போடு, பயப்படவில்லை என்றால் சில நாள் கழித்துக் கொஞ்சம் கூட்டு. அன்றைக்கு ராத்திரி ஜன்னல் சாத்திய உள்ளறையில் நீ கூடவே உட்கார்ந்திரு. சத்தத்துக்கு மிரண்டு கதவு திறந்ததும் ஓடிப்போகும் நாய்கள் இந்த ஊரில் வருஷா வருஷம் உண்டு. அதனால் கழுத்துப் பட்டையில் உன் அம்மாவின் எண்ணைப் பொறித்த தகடு ஒன்றை ஊசிக்குப் போகும்போதே வாங்கி மாட்டிவிடு. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டி வேகமாக வளரும், வாரா வாரம் அதைப் பார்த்துத் தளர்த்து.

அன்புடன்,
மாமா