மீட்டமைக்கும் முன் கடிகாரத்தைக் கவனியுங்கள்

பாறசாலையில் கடை நடத்தும் வாடிக்கையாளர் ஒருவர், நடைமுறை மூலதனக் கடனைப் புதுப்பிக்க அண்மையில் நம் கிளைக்கு வந்திருந்தார். அவர் கொணர்ந்த மூன்று வாரப் பில்கள் 2000 சனவரி மாதத் தேதியிட்டிருந்தன. பில் எண்களும் 1-இலிருந்து தொடங்கின. கணக்கில் வரவான தொகைகளுடன் அவை பொருந்தவில்லை. பில் கருவி உறைந்து நின்றபோது, ‘தொழிற்சாலை அமைப்பு’ என்னும் தெரிவை அவர் அழுத்தியதே காரணம்.

மீட்டமைத்தால் நிகழ்வது

தயாரிப்பாளர் பதித்த தொடக்க மதிப்புகள் கருவியின் நிலைநினைவகத்தில் இருக்கும். மீட்டமைத்தால் அவை திரும்பிவரும். நாம் பதித்தவை அழியும். எல்லையோர வணிகருக்கு இது இரட்டை இடர். கேரளத்தின் ஜி.எஸ்.டி. குறியீடு 32, தமிழ்நாட்டினுடையது 33. நெய்யாற்றின்கரை வணிகருக்கு விற்றால் மத்திய வரியும் மாநில வரியும். களியக்காவிளை வணிகருக்கு அனுப்பினால் ஒருங்கிணைந்த வரி. குறியீடு அழிந்தால் வரிப் பகுப்பும் பிழையாகும்.

கருவிக்கு நேரம் எங்கிருந்து வருகிறது?

மூன்று வழிகள் உள்ளன.

1. சில்லின் உள்ளேயே அமைந்த அலைவி. மலிவானது, ஒரு விழுக்காடு பிழை இருந்தாலும் நாளொன்றுக்கு 14 நிமிடம் பிசகும்.

2. குவார்ட்சு படிகம். விநாடிக்கு 32,768 முறை அதிரும். அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழையெனில், மாதத்திற்குச் சுமார் 50 விநாடியே மாறும்.

3. இணையவழி நேரம். இந்தியத் திட்ட நேரத்தைப் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அணுக் கடிகாரங்களால் பேணுகிறது.

மீட்டமைத்த கருவி முதல் வழிக்கே திரும்பிவிடக்கூடும். சான்றாக, அட்மெகா 328பி என்னும் சில்லு தொழிற்சாலையிலிருந்து வரும்போது உள் அலைவியைக் கொண்டு 1 மெகாஹெர்ட்சில் இயங்கும். 16 மெகாஹெர்ட்சு படிகத்திற்கென எழுதிய நிரலுடன் அச்சில்லு வாழைத்தோட்டப் பம்பு நேரக்கருவியில் இருப்பதாகக் கொள்வோம். அதன் கடிகாரத் தெரிவு தொழிற்சாலை நிலைக்குத் திரும்பினால், பத்து நிமிடம் ஓடவேண்டிய பம்பு 160 நிமிடம் ஓடும்.

செய்யவேண்டியவை

• முதலில் கருவியை அணைத்து மீண்டும் இயக்கிப் பாருங்கள். பெரும்பாலும் இதுவே போதும்.

• மீட்டமைப்பது தவிர்க்க முடியாததெனில், அமைப்புப் பக்கங்கள் அனைத்தையும் படமெடுங்கள். பில் பதிவுகளைப் படியெடுங்கள். கடைசிப் பில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

• மீட்டமைத்தவுடன் தேதி, நேரம், நேர மூலம், ஜி.எஸ்.டி. எண், பில் வரிசை ஆகியவற்றைப் பதித்து, ஒரு சோதனைப் பில் எடுங்கள்.

• மின்னிணைப்பைத் துண்டித்து, ஐந்து நிமிடம் கழித்து இயக்குங்கள். தேதி பின்னோக்கிச் சென்றால் உள்ளிருக்கும் பொத்தான் மின்கலம் தீர்ந்துள்ளது. அதை மாற்றச் செய்யுங்கள்.

• அட்டை தேய்க்கும் கருவியை நீங்களாக மீட்டமைக்கவோ திறக்கவோ வேண்டா. அதிலுள்ள இரகசியக் குறியீட்டுச் சாவிகள் அழிந்துபோகலாம். தொலைபேசியில் எவரேனும் அவ்வாறு செய்யச் சொன்னால் இணைப்பைத் துண்டித்து, கிளைக்குத் தெரிவியுங்கள்.

நம் வாடிக்கையாளர், கணக்கு அறிக்கையையும் பில் தொகைகளையும் வரிக்கு வரி ஒப்பிட்டுச் சரிசெய்ய இரண்டு நாள் ஆயிற்று. கடன் புதுப்பிக்கப்பட்டது. இப்போது அவர் நாள்தோறும் முதற்பில்லின் தேதியைப் பார்த்த பின்னரே வணிகத்தைத் தொடங்குகிறார்.