கல்யாண கேசட்டில் சீப்புக் கோடுகள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எடுத்த கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் கேசட்டுகள் பீரோவிலிருந்து இறங்கி கம்ப்யூட்டருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வி.எச்.எஸ். டெக்கைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. நல்ல டெக் கிடைப்பது அரிதாகிவருவதால், பல கேசட்டுகளுக்கு இனி ஒரே ஒரு வாய்ப்புதான். மாற்றிய படத்தை நிறுத்திப் பார்த்தால், தாலி கட்டும் கையின் ஓரத்தில் சீப்புப் பல்லைப்போலக் கிடைக்கோடுகள் தெரிகின்றன. அதைக் கண்டு பதறிச் செய்யும் வேலைதான் பல படங்களைக் கெடுக்கிறது.

நம்பிக்கை 1: கோடு தெரிந்தால் கேசட் கெட்டுவிட்டது.

உண்மை: கேசட்டில் படம் பதிவான முறையே அதுதான். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளில் இருந்த ‘பால்’ (PAL) எனும் டிவி முறையில் நொடிக்கு 25 ஃபிரேம்; ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரிவது 576 வரி. கேமரா அவற்றை ஒரே சமயத்தில் எடுக்கவில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக 288 வரிகளை முதலில் எடுத்தது. நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து மீதி 288 வரிகளை எடுத்தது. ஒவ்வொரு பாதிக்கும் ஃபீல்டு என்று பெயர். இப்படிப் பிரித்துப் பின்னுவதுதான் இன்டர்லேஸ். இரண்டு ஃபீல்டுக்கும் நடுவே கை நகர்ந்திருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரே படமாகக் காட்டினால் நகர்ந்த ஓரம் பல் பல்லாகத் தெரியும்.

கண்டுபிடிப்பதும் எளிது. கேமரா அசையாமல் நிற்கும் காட்சியில், ஆடுகிற கையில் மட்டும் கோடு இருந்து மண்டபத் தூண் சுத்தமாக இருந்தால் அது இன்டர்லேஸ். தூணே நெளிந்தால் அது நேரக் கட்டுப்பாட்டுக் கோளாறு; அதைத் திருத்தும் டி.பி.சி. வசதியுள்ள டெக் வேண்டும். வெள்ளைக் கீற்றுகள் தெறித்தால் ஹெட்டையும் டிராக்கிங்கையும் கவனிக்க வேண்டும். இவை எதையும் டீஇன்டர்லேஸ் செய்து, அதாவது இன்டர்லேஸ் கோட்டை நீக்கும் வேலையால், சரிப்படுத்த முடியாது.

நம்பிக்கை 2: பழைய டிவியில் இல்லாத கோடு இப்போது வந்ததால், மாற்றியவர்தான் கெடுத்துவிட்டார்.

உண்மை: பழைய பிக்சர் டியூப் டிவி ஒரு ஃபீல்டை வரைந்து, அது மங்கும்போது அடுத்ததை வரைந்தது. இரண்டும் ஒரே கணத்தில் முழு வெளிச்சத்தோடு நிற்கவே இல்லை. இன்றைய திரை எல்லா வரிகளையும் ஒன்றாகக் காட்டுகிறது. கோடு தெரிகிறது என்றால், பெரும்பாலும் இரண்டு ஃபீல்டும் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கின்றன என்று பொருள். சந்தேகப்பட வேண்டியது, வேகமாக ஆடும் இடத்திலும் கோடே இல்லாமல் நொடிக்கு 25 ஃபிரேம் மட்டும் உள்ள கோப்பைத்தான். அசைவின் பாதி அதில் தொலைந்திருக்கலாம்.

நம்பிக்கை 3: பதிவு செய்யும்போதே கோட்டை நீக்கிவிடுவது நல்லது.

உண்மை: மூலக்கோப்பு கோடுகளோடுதான் இருக்க வேண்டும். ஒருமுறை நீக்கிவிட்டால் மூல ஃபீல்டுகள் திரும்பக் கிடைக்காது. நீக்கும் மென்பொருளோ ஆண்டுக்காண்டு மேம்படுகிறது. ஆவணக் காப்பகங்கள் பயன்படுத்தும் எஃப்.எஃப்.வி.1 போன்ற இழப்பில்லாத வடிவத்தில் இன்டர்லேஸாகவே சேமிப்பது உத்தமம். டிஜிட்டல் வீடியோ எனும் டி.வி. (DV) வடிவத்தில் வைத்தாலும் பாதகமில்லை. ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜி.பி. ஆகும். இரண்டு மூன்று மணி நேரக் கல்யாணம் இன்றைய ஹார்ட் டிஸ்க்கின் மூலையில் அடங்கிவிடும். கோடு நீக்குவதெல்லாம் பார்ப்பதற்கான பிரதியில் மட்டும்.

நம்பிக்கை 4: எந்த முறையில் நீக்கினாலும் ஒன்றுதான்.

உண்மை: பெரிய இழப்பு நடப்பது இங்கேதான். ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்து மற்றதை இழுத்து நிரப்புவது ஒரு முறை: செங்குத்து நுணுக்கமும் பாதி, அசைவும் பாதி. இரண்டையும் கலப்பது இன்னொரு முறை: கோடு போய், நாதஸ்வரக்காரரின் விரல்களுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி விரல் ஆவிபோல நிற்கும். நல்ல முறை ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃபிரேமாக வளர்ப்பது. நொடிக்கு 50 ஃபிரேம் கிடைக்கும். அன்று டிவியில் பார்த்த வழுக்கலான அசைவு அப்போதுதான் திரும்பும். யாடிஃப், பி.டபிள்யூ.டிஃப் என்ற இலவச வடிகட்டிகள் இதை வேகமாகச் செய்கின்றன. க்யூ.டி.ஜி.எம்.சி. அண்டை ஃபீல்டுகளின் அசைவைக் கணக்கிட்டுச் செய்வதால் மெதுவாக ஓடும். வீட்டு வீடியோவுக்கு அதன் பலன் பெரும்பாலும் அந்தக் காத்திருப்புக்குத் தகும்.

அப்படியும் அசைவு முன்னும் பின்னுமாக உதறினால் ஃபீல்டு வரிசை மாறியிருக்கிறது. மினி டி.வி. போன்ற டி.வி. வடிவப் பதிவுகளில் கீழ் ஃபீல்டு முதலில் வரும்; கேசட்டைக் கம்ப்யூட்டரில் பதிவுசெய்யும் பல கேப்சர் கருவிகளில் மேல் ஃபீல்டு முதலில். அமைப்பை மாற்றி, கை வீசி நடக்கும் காட்சி ஒன்றைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நம்பிக்கை 5: எல்லா கேசட்டுக்கும் இந்தச் சிகிச்சை வேண்டும்.

உண்மை: கேசட்டில் இருப்பது சினிமா என்றால் பெரும்பாலும் வேண்டாம். பிலிமில் எடுத்த படத்தைப் ‘பால்’ முறைக்கு மாற்றும்போது பொதுவாக நொடிக்கு 24 ஃபிரேமைச் சற்று வேகமாக்கி 25 ஆக ஓட்டினார்கள். அதில் இரண்டு ஃபீல்டும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை. சரியாகச் சேர்த்தாலே முழுப்படம் கிடைக்கும். அங்கே டீஇன்டர்லேஸ் செய்தால் இருக்கும் நுணுக்கம்தான் குறையும். கல்யாண கேசட்டில் இடையிடையே ஒட்டிய சினிமாப் பாட்டுக் காட்சிகளையும் கவனியுங்கள்.

நம்பிக்கை 6: 4கே-க்குப் பெரிதாக்கினால் கோடு மறையும்.

உண்மை: இன்டர்லேஸ் படத்தை அப்படியே பெரிதாக்கினால் அடுத்தடுத்த வரிகள் ஒன்றோடொன்று கலந்து, கோடு தடித்துப் படத்தோடு ஊறிவிடும். பிறகு எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது. முதலில் டீஇன்டர்லேஸ், அதன் பிறகே அளவு மாற்றம். யூடியூபில் ஏற்றுபவர்கள் இந்த வரிசையில் 960×720 அளவுக்காவது உயர்த்த வேண்டும். 720-க்குக் கீழ் அங்கே நொடிக்கு 50 ஃபிரேம் ஓடாது.

நம்பிக்கை 7: டொரண்டோவில் உள்ள டெக்கில் படம் தெரிந்தால் போதும்.

உண்மை: யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கனடாவுக்குப் போன கேசட்டுகள் ‘பால்’, வட அமெரிக்காவில் இருந்தது 480 வரியும் நொடிக்கு ஏறக்குறைய 30 ஃபிரேமும் கொண்ட என்.டி.எஸ்.சி. ஒரு முறையை மற்றதாக மாற்றிக் காட்டும் டெக் வரிகளைக் குறைக்கும், ஃபீல்டுகளைத் திரும்பக் காட்டும் அல்லது கலக்கும். அதைப் பதிவுசெய்தால் அந்தச் சேதமும் நிரந்தரம். ‘பால்’ சிக்னலை மாற்றாமல் வெளியே தரும் டெக்கைத் தேடிப் பிடித்து, கேப்சர் கருவியையும் ‘பால்’ அமைப்பில் வைக்க வேண்டும்.

கேசட்டைக் கடையில் கொடுக்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். 576 வரியும் குறையாத இன்டர்லேஸ் மூலக்கோப்பைத் தருவீர்களா? பார்க்கும் பிரதி நொடிக்கு 50 ஃபிரேமா? கேசட்டை எந்த முறையில் பதிவு செய்கிறீர்கள்? மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்பவரிடம் கொடுங்கள். எம்.பி.4 பிரதி மட்டுமே தருவேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும்.